வயர் இல்லாத இயர்பட்ஸ் எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்குமா?

17 மே 2024, வெல்லாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டது

அக்கா, வயர் ஹெட்செட் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் செத்துவிடுகிறது, வயரைத் திருகிப் பிடித்தால்தான் கேட்கிறது. என்னோடு நிற்கிற எல்லாரும் வயர் இல்லாததற்கு மாறிவிட்டார்கள். நான் வெயிலில் வேலை செய்கிறவன், நன்றாக வேர்க்கும். வாங்கினால் நின்றுபிடிக்குமா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

17 மே 2024, இரவு

நின்றுபிடிக்கும் தம்பி. எது முதலில் பழுதாகும் என்று தெரிந்து வாங்கினால் இன்னும் கூடக் காலம் வரும்.

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடி. குறுமண்வெளியில் பாதை என்கிற மோட்டார் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகிறவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டு வேலை, இரவில் கட்டாரில் இருக்கிற அண்ணாவோடு கதை. இவ்வளவுக்கும் அண்ணா லீவில் வந்தபோது தந்த ஒரு சோடி இயர்பட்ஸ்தான் என்னோடு திரிகிறது. கம்பனிப் பெயர் சொல்லமாட்டேன். சொல்லப்போவது எந்தக் கம்பனிக்கும் பொருந்தும்.

கடையில் பேஸ் எப்படி, சத்தம் எப்படி என்று விசாரிக்க முதல், காதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சோடி சிலிக்கன் நுனி வரும். அநேகம் பேர் கம்பனி மாட்டி அனுப்பிய நடுத்தரத்தோடேயே காலம் தள்ளுகிறார்கள். எனக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குச் சிறிது. நுனி காதுத் துவாரத்தை வடிவாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலி முழுக்க வெளியே கசிந்துவிடும். தவில், மத்தளம், பேஸ் கிற்றார் ஒன்றும் எடுபடாது. அதைச் சரிக்கட்டச் சத்தத்தைக் கூட்டுவோம், காதுக்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது. போடும்போது மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடித்து, நுனியை உள்ளே வைத்து ஒரு சின்னத் திருப்புத் திருப்புங்கள். பிறகு குனிந்து பாருங்கள், வாயை அசைத்துக் கதைத்துப் பாருங்கள். கழன்றால் அளவை மாற்றுங்கள்.

18 மே 2024

வேர்வைக் கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கத்தால் தண்ணி தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். இரண்டையும் சோதிப்பது நல்ல தண்ணியில். எங்கள் வேர்வையும் கடற்காற்றும் உப்பு. இன்னொன்று, அந்த எண் காதில் போடுகிற பட்டுக்குத்தான். சார்ஜ் ஏற்றுகிற கேஸுக்கு அநேகமாக அந்தப் பாதுகாப்பு இருக்காது.

பட்டின் அடியில் சின்னதாக மஞ்சள் நிற உலோகப் புள்ளிகள் தெரியும், கேஸுக்குள் அதற்கு நேரே குண்டூசி முனை மாதிரி ஊசிகள் நிற்கும். கறண்ட் ஏறுகிற வழி அதுதான். வேர்வையோடு பட்டைக் கேஸுக்குள் போட்டு மூடினால் தண்ணி வற்றி உப்பு அங்கேயே தங்கும், ஈரமும் கறண்டும் சேர்ந்து ஊசியை அரிக்கும், பச்சை பிடிக்கும். "ஒரு பக்கம் சார்ஜ் ஏறுதில்லை" என்று கடைக்குக் கொண்டு ஓடுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஆகவே காதில் இருந்து எடுத்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள், பிறகு கேஸுக்குள் போடுங்கள். ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தால் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பஞ்சை மட்டாக நனைத்து அந்தப் புள்ளிகளை மட்டும் துடைக்கலாம். சத்தம் வருகிற வலையில் அது படக்கூடாது. வலைக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை போதும், வலை கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்துத் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே போய் இருந்துவிடும்.

26 மே 2024

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நேரம், ஊரெல்லாம் ஸ்பீக்கர், ஏஎன்சி (வெளி இரைச்சலை அழிக்கிற வசதி) உள்ளது வாங்கினால் இருந்து படிக்கலாமா என்று.

ஏஎன்சி வேலை செய்கிற விதத்தைத் தெரிந்தால் விடை தானாக வரும். பட்டில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கிறது, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விடுகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தில் இது நன்றாக எடுபடும். பஸ் எஞ்சின், ஜெனரேற்றர், சீலிங் ஃபேன், பாதையின் மோட்டார் எல்லாம் அடங்கும். திடீரென்று எழும்பி விழுகிற சத்தம், மனிதக் குரல், உடுக்கு, ஹோர்ன் இவற்றை அழிப்பதற்கு அதற்கு நேரம் போதாது. கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குத் தனியார் பஸ்ஸில் வந்து பாருங்கள். எஞ்சின் இரைச்சல் அப்படியே மறைந்து, சாரதி போட்டிருக்கிற பாட்டு முன்னையை விடத் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கருக்கு மருந்து, காதை வடிவாக அடைக்கிற நுனிதான். அதுவும் ஓரளவுக்கு.

சடங்கு நேரம் நான் காதில் எதையும் வைப்பதில்லை. கண்ணகி காவியம் பாடுகிற குரல் வருசத்தில் அந்தச் சில நாள்தான் கேட்கும். சடங்கின் கடைசியில் வருகிற குளுத்தி முடிந்த பிறகு படித்துக்கொள்ளலாம் தங்கச்சி.

2 ஜூன் 2024

வீட்டுக்குள் நன்றாகக் கேட்கிறது, கல்லடிக் கடற்கரையில் நடந்தால் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது, பழுதா என்று ஒருவர் கேட்டார். பழுது இல்லை. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸில். அந்த அலையைத் தண்ணி உறிஞ்சும், எங்கள் உடம்பில் பெரும்பங்கு தண்ணி. போன் வலது பொக்கற்றில், அலையை வாங்குகிற பட் இடது காதில் என்றால் நடுவில் முழு உடம்பும் மறிக்கிறது. வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருகிற அலை காதுக்கு எட்டிவிடும். கடற்கரையில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. கல்லடிப் புதுப் பாலத்தின் நடுவிலும் இதே கதைதான். போனைச் சட்டைப் பொக்கற்றுக்கோ கைக்கோ மாற்றுங்கள், சரியாகிவிடும்.

9 ஜூன் 2024

வெல்லாவெளித் தம்பி வாங்கிவிட்டாராம். நுனி அளவெல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். ஏஎன்சியும் உண்டாம். கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: இரவில் வட்டைக் காவலுக்கு, அதாவது வயல் காவலுக்குப் போகும்போது நித்திரை வராமல் இருக்க இரண்டு காதிலும் போட்டுப் பாட்டுக் கேட்கிறாராம்.

தம்பி, இதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவகிரித் தண்ணியில் சிறுபோகம் செய்கிற வட்டைகளுக்கு யானை வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்டூரில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் யானையால் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை இருக்கிறது. அவ்வளவு பெரிய மிருகம் வருகிறது தெரியாமல் வந்து நிற்கும். அதன் பாதத்தின் அடியில் கொழுப்பும் நாருமாக ஒரு மெத்தை இருக்கிறது, கால் வைத்தால் சத்தம் எழும்பாது. கொப்பு முறிகிற சத்தம், வேலிக் கம்பி இழுபடுகிற சத்தம், மூச்சு, வயிற்றுக்குள் இருந்து வருகிற உறுமல், இவைதான் காவற்காரனுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. உறுமலில் ஒரு பகுதி 20 ஹேர்ட்ஸுக்கும் கீழே போகும், அதை மனிதக் காது எப்படியும் பிடிக்காது. மிச்சம் கேட்கிற தாழ்ந்த சத்தத்தைத்தான் ஏஎன்சி முதலில் அழிக்கிறது. கொப்பு முறிகிற சத்தத்தைச் சிலிக்கன் நுனி அடைக்கிறது. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கின வசதி இரண்டும் அந்த இடத்தில் உங்களுக்கு எதிராக நிற்கின்றன.

ஒரு காதில் மட்டும் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சத்தம் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரிவது இரண்டு காதும் சேர்ந்து வேலை செய்வதால். வலப்பக்கச் சத்தம் வலக்காதுக்கு ஒரு இம்மி முன்னுக்கும் கொஞ்சம் பலமாகவும் வந்துசேரும். அந்த இம்மி வித்தியாசத்தில்தான் மூளை திசையைப் பிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் ஏதோ சத்தம் என்று மட்டும் விளங்கும், எந்தப் பக்கம் ஓடுவது என்று விளங்காது. வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற முறை என்று ஒன்று பட்ஸில் இருக்கிறது. அது மைக் வழியாக வருகிற சத்தம். காற்று வீசுகிற வெளியில் மைக்குக்குள் காற்றிரைச்சலே நிறைந்திருக்கும்.

பாட்டுத் தேவை என்றால் சின்ன ரேடியோவைக் காவற்குடிலில் தொங்கவிட்டு மெல்லிசாகப் போடுங்கள், காது திறந்திருக்கும். யானை வெடி கையில் இருந்தும் காது அடைத்திருந்தால் அதைக் கொளுத்துகிற நேரம் கிடைக்காது. பட்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தயவுசெய்து.

மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குள் போடலாமா என்று கேட்ட மற்றவருக்கும் இதே விடைதான். கல்முனை வீதியில் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்ன் எனக்குக் கேட்க வேண்டும். ஸ்கூட்டியில் ஏறினால் பட்ஸ் கைப்பைக்குள்.

10 ஜூன் 2024

தம்பி பதில் போட்டிருக்கிறார், நேற்று இரவு கொண்டுபோகவில்லையாம். பழைய ரேடியோவுக்குப் பற்றரி வாங்கியிருக்கிறாராம். மனம் ஆறுதலாக இருக்கிறது.

16 ஜூன் 2024

காது அடையாமல் கேட்கிற வகை இல்லையா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது, எலும்பு வழியாகக் கேட்கிற ஹெட்செட். காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டி நின்று எலும்பை அதிரவைக்கும், அதிர்வு உட்காதுக்கு நேரே போகும், துவாரம் திறந்தே இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிது இல்லை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைப்பார்களே, அதே மாதிரித்தான். தண்ணிக்குள் நடக்கிற அதிர்வை மரம் சுமந்து வருகிறது.

ஆனால் பாட்டுக் கேட்க அது அவ்வளவு சுகப்படாது, தாழ்ந்த ஒலி மெலிந்திருக்கும். கதை, செய்தி, பாட விளக்கம் கேட்கப் போதும். பின்னேரம் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் நல்லது. வட்டைக் காவலுக்கு அதையும் நான் சொல்லமாட்டேன். காது திறந்திருந்தாலும் கவனம் பாட்டில்தான் இருக்கும்.

7 ஜூலை 2024

கச்சான் என்கிற மேல்காற்று எரிகிறது. வாசல் கூட்டி முடிக்க முதலே மணல் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த வெக்கையில் பட்ஸுக்கு வருகிற பெரிய கேடு வேர்வை இல்லை, ஸ்கூட்டிப் பெட்டி. சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்படி வெக்கை வரும். லிதியம் அயன் பற்றரிக்கு வெக்கையும் முழுச் சார்ஜும் சேர்ந்து வருவதுதான் கூடாத காலம். ஒரு பட்டுக்குள் இருக்கிற பற்றரி 30, 40, கூடினால் 60 மில்லி அம்பியர் மணிதான். போனில் இருப்பது 5,000. இவ்வளவு சின்னதில் கொஞ்சம் குறைந்தாலும் உடனே தெரியும். பொதுவாக 300 முதல் 500 தடவை முழுதாக ஏறி இறங்கினால் பழைய கொள்ளளவில் 80 சதவீதம் அளவில் வந்து நிற்கும். வெக்கை அதை இன்னும் கெதியாக்கும். ஆகவே கேஸ் கைப்பையில், கைப்பை நிழலில். நீண்ட நாள் பாவிக்காமல் வைக்கிறதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

காற்றோடு கதைக்கிறதும் ஒரு பாடு. பட்டின் மைக் வாயில் இருந்து தள்ளி, காதடியில் நிற்கிறது. வாசலில் நின்று கதைத்தால் அண்ணாவுக்குக் கச்சான் மட்டும்தான் கேட்குமாம். அறைக்குள் வந்து ஜன்னலைச் சாத்தினால் சரி. அழைப்பு வந்ததும் பாட்டின் தரத்தில் இருந்த சத்தம் ஏன் பழைய ரெலிபோன் மாதிரி இறங்குகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பாட்டுக்குப் புளூடூத் ஒரு பக்கம் மட்டும் அனுப்பினால் போதும். கதைக்கும்போது போகவும் வரவும் வேண்டும், அதற்கு வேறு முறைக்கு மாறுகிறது, அந்த முறையில் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். ஸூம் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. போனின் சொந்த மைக்கைத் தெரிவு செய்ய முடிந்தால் கேட்கிற ஒலி திரும்ப நன்றாகும்.

21 ஜூலை 2024

காத்தான்குடியில் இருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) எழுதியிருக்கிறார். கடையில் இருக்கும்போது ஒரு காதில்தான் போடுகிறார், பாங்கு கேட்க வேண்டும், வாடிக்கையாளர் கூப்பிடுவது கேட்க வேண்டும். ஆனால் பழைய பாட்டுகளில் பாதி வாத்தியம் காணாமல் போகிறதாம்.

காக்கா, 1970களின் கடைசியிலும் 80களிலும் ஸ்டீரியோவில் பதிந்த பாட்டுகளில் சில வாத்தியங்களை முழுக்க இடப்பக்கத்துக்கும் சிலதை முழுக்க வலப்பக்கத்துக்கும் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பட் மட்டும் போட்டால் மற்றப் பக்கத்து வயலின் கோஷ்டி உங்களுக்கு இல்லை. போனின் செற்றிங்கில் அணுகல் வசதிகள் என்ற பகுதிக்குள் மோனோ ஓடியோ என்று இருக்கும், அண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரு காதுக்கே வரும். ஒரு காது கேட்காதவர்களுக்காக வைத்த வசதி அது, எங்களுக்கும் உதவுகிறது.

கடையில் இருக்கிறவர், குழந்தையைப் பார்க்கிறவர், அடுப்படியில் நிற்கிறவர் எல்லாருக்கும் ஒற்றைக் காதுப் பாவனைதான் சரி.

22 ஜூலை 2024

காக்கா போட்டுப் பார்த்தாராம். "இந்தப் பாட்டில் புல்லாங்குழல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்" என்கிறார்.

11 ஆகஸ்ட் 2024

இன்றைக்குத் தொழில்நுட்பம் இல்லாத ஒரு விசயம்.

அம்மா இந்தப் பட்ஸை ஆரம்பத்தில் இருந்தே விரும்பவில்லை. வயர் தொங்கினால் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தூரத்திலேயே தெரியும், இது முடிக்குள் மறைந்துவிடுகிறது. அடுப்படியில் இருந்து கதை சொல்லிக்கொண்டே போவா, நடுவில் நின்று "மறுகா என்ன, நான் சுவரோடயா கதைக்கிற?" என்று கேட்பா. அந்தக் கேள்வியில் கோபத்தை விடத் தனிமை கூட. அதனால் வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அம்மா அறைக்குள் காலடி வைத்தால் நான் பட்டைக் கையில் எடுத்துவிடுவேன். பாட்டை நிறுத்துகிறது போதாது. நிறுத்தினாலும் அது காதில் இருக்கும் வரைக்கும் எதிரே நிற்கிறவருக்கு நாங்கள் பாதி ஆள்தான். கழற்றிக் கையில் வைத்தால் அம்மாவின் முகம் மாறுவதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

பாதையிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. முதலில் ஏறியதும் காதில் போட்டுவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அக்கரையில் இருந்து சந்தைக்கு வருகிற அம்மம்மாமார், கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் அந்தப் பாதையில்தான் வருகிறார்கள். எந்தப் பிள்ளை ஏன் வகுப்புக்கு வரவில்லை, யார் வீட்டில் சுகமில்லை, எந்த வட்டைக்குத் தண்ணி வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவருகிறது. ஒரு நாள் ஒரு தாய் கரை இறங்குகிற நேரம்தான் என் கையைத் தொட்டுக் கதைத்தா. "ரீச்சர் காதில போட்டிருந்தீங்க, அதான் சும்மா நிண்டனான்" என்றா. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கப் போகிற விசயம் அது. அதற்குப் பிறகு பாதையில் நான் போடுவதே இல்லை.

வேறு காரணமும் உண்டு. ஏறி இறங்குகிற இடத்தில் காதில் போடுவதும் கழற்றுவதும் கூடாது. பலகை இடுக்கால் ஒரு பெடியனின் பட் வாவிக்குள் போனதைப் பார்த்தேன். எடுக்க வழியே இல்லை.

1 செப்டெம்பர் 2024

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் ஆளுக்கு ஒரு பட் என்று பகிர்ந்து போடுகிறார்கள். பாசம் நல்லதுதான், காதுக்கு நல்லதில்லை. எங்கள் ஊர் ஈரக் காற்றில் காதுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம், கடியும் அடைப்புமாக வரும், ஒருவரின் நுனியில் இருந்து மற்றவருக்கும் போகலாம். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் நுனியைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். முழுகிய ஈரக் காதில் போடவே வேண்டாம். காதுக் குறும்பியைப் பஞ்சுக் குச்சியால் தோண்டவும் வேண்டாம். அது தானாக வெளியே வருகிற பொருள், நாள் முழுக்க அடைத்து வைத்தால்தான் வர வழி இல்லாமல் உள்ளே இறுகும்.

சத்தத்தின் அளவுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் சத்தத்தில் கிழமைக்கு 40 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். இதில் பலர் கவனிக்காதது, 3 டெசிபெல் கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது, ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10, 89 என்றால் 5. காதுக்கு 3 டெசிபெல் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு கிழமைப் பங்கு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

இதனால் ஏஎன்சி பற்றி மே மாதம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கல்முனை, மட்டக்களப்பு, அம்பாறை என்று நாளாந்தம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு அது வீண் செலவு இல்லை. எஞ்சின் இரைச்சல் அடங்கினால் பாட்டைக் கூட்டத் தேவை வராது. ஏஎன்சியை மௌனத்துக்காக வாங்காமல், சத்தத்தைக் குறைத்து வைக்க வாங்குங்கள்.

சத்தக் கோட்டில் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துப் பழகச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கழற்றிய பிறகு காதுக்குள் கீ என்று இரைந்தால் அன்றைக்குப் போதும், திரும்பப் போடக்கூடாது. அடிக்கடி இரைந்தால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் காட்டுங்கள், கேட்கிற அளவை அங்கே பார்க்கலாம்.

20 அக்டோபர் 2024

என் வலது பட் இப்போது இடதை விடக் கெதியாகப் போகிறது. ஊசியைத் துடைத்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. பற்றரிதான் இளைத்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. பழைய மாதிரிகளில் போனில் இருந்து ஒரு பட் வாங்கி மற்றப் பட்டுக்கு அனுப்பும், அழைப்பில் மைக்கும் அதிலேயே திறக்கும். இரட்டை வேலை செய்கிற பக்கம் முதலில் களைக்கும். அதோடு அடுப்படியில் நான் ஒற்றையாகப் போடுவதும் வலதைத்தான். காத்தான்குடிக் காக்கா, நீங்கள் நாளுக்கு நாள் பக்கத்தை மாற்றிப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து தேயும்.

பற்றரி மாற்றலாமா என்று கேட்காதீர்கள். பசை போட்டு ஒட்டியது, பிளந்துதான் எடுக்க வேண்டும். பிளந்து மாற்றித் தருகிற போன் கடைப் பெடியன்கள் இருக்கிறார்கள், கை சுத்தமானவர்களும் உண்டு. ஆனால் தண்ணி போகாமல் காத்தது அந்தப் பசைதான். ஒற்றைப் பட் தனியாக வாங்குகிறதானால் அதே மாதிரியும் அதே தலைமுறையுமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோடி சேராது.

செத்த பட்டைக் குப்பையோடு போடாதீர்கள். வளவு கூட்டிச் சருகுக்கு நெருப்பு வைக்கிறோம், லிதியம் பற்றரி நெருப்பில் வெடிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள்.

8 டிசம்பர் 2024

நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எழுத வாய்த்தது. இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? ஒரு வரி போட்டுவிடுங்கள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கிறவர்கள் முக்கியமாக.

கறண்ட் இல்லை, ரீலோட் முடிந்தது, போன் சிக்னல் வரும் போகும். உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த கிழமை. எங்கள் பிள்ளைகள் தண்ணிக்கு நடுவில் எப்படிப் போவார்கள் என்று தெரியாமல் இருந்தபோது, பரீட்சையை நிறுத்திவைத்த அறிவிப்பு எனக்குக் கிடைத்தது ரேடியோவில். டிசம்பர் 4ஆம் திகதி திரும்பத் தொடங்கும் என்பதும் அதில்தான். போனில் எஃப்எம் இருக்கிறது, ஆனால் அன்ரெனா வேண்டும். அந்த அன்ரெனா வயர் ஹெட்செட்டின் வயரேதான். வயரைக் குத்தினால்தான் எஃப்எம் திறக்கும். என் பட்ஸ் முழுச் சார்ஜோடு மேசையில் கிடந்தது, அதற்கு அந்த வேலை தெரியாது. மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய வயர் ஹெட்செட்டைத் தேடி எடுத்தேன். அதற்குச் சார்ஜும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கும், அது போதுமாக இருந்தது. கேட்டதை நான் உரத்துச் சொல்ல, அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னா.

1978 புயலை அம்மா இன்னும் சொல்லுவா, நவம்பர் 23. மாரி காலத்தில் எங்கள் கரையோரம் எப்போது துண்டிக்கப்படும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே தம்பி, நீங்கள் மே மாதம் எறிய நினைத்த அந்த வயர் ஹெட்செட்டில் ஒன்றாவது உயிரோடு இருந்தால் எறியாதீர்கள். இல்லாவிட்டால் மலிவாக ஒன்று வாங்கி, ஒரு தடவை குத்தி எஃப்எம் திறக்கிறதா என்று பார்த்து, பொலித்தீனில் சுற்றி வைத்துவிடுங்கள். புதுப் போன்களில் வட்டத் துளை இல்லாதவை நிறைய, எஃப்எம்மே இல்லாதவையும் இருக்கின்றன. அப்படியானால் பற்றரியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

15 டிசம்பர் 2024

எல்லாரும் பதில் போட்டுவிட்டீர்கள், நன்றி. வெல்லாவெளித் தம்பியின் வீட்டுக்குள் தண்ணி வந்து வடிந்திருக்கிறது, ஆட்கள் சுகம். பட்ஸ் கேஸ் நனைந்துவிட்டதாம். தம்பி, அதைச் சார்ஜில் போட வேண்டாம். மூடியைத் திறந்து கவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் சில நாள் முழுக்க உலரவிடுங்கள். வெயிலிலோ அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள், அரிசிக்குள்ளும் புதைக்காதீர்கள், தவிடும் தூசும் ஊசிக்குள் போய்விடும். உலர்ந்த பிறகு ஊசியைத் துடைத்துவிட்டுச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். கேஸ் ஊதியிருந்தால் அல்லது சூடேறினால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பப் பாவிக்க வேண்டாம்.

என்னிடம் பெரிய அளவு சிலிக்கன் நுனி ஒரு சோடி பாவிக்காமல் கிடக்கிறது. நடுவில் வட்டத் துளை உள்ள வகை, நீள்வட்டத் துளைப் பட்ஸுக்குப் பொருந்தாது. தேவையானவர்கள் சொன்னால் புதன்கிழமை கல்முனைக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.